படையலில் ஓர் ஒயின் பாட்டில்

நாற்பது வயதுக்குப் பிறகுதான் நான் பெரிய பொய் சொல்லக் கற்றுக்கொண்டேன். அதற்கு முன் மாமியாரிடமும் மேலாளரிடமும் சொன்னவை சில்லறைப் பொய்கள். அவற்றைச் சேர்க்க மாட்டேன். பெரிய பொய்யை என் தம்பிக்காகச் சொன்னேன். அவன் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

வேளாண்மை படித்தவன் தம்பி. மேற்படிப்புக்கு ஸ்பெயின் போனான், படிப்பு முடிந்ததும் அங்கேயே மலைமேல் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தான். "ஏற்காட்டை விடக் கொஞ்சம் தாழ்வுதான்க்கா, ஆனா இங்க பனிக்கட்டி விழும்" என்றான். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பரமத்தி வேலூர் சந்தையில் வெற்றிலை எடுக்க வந்தவர்களிடமெல்லாம், பையன் வெளிநாட்டில் தோட்டம் பார்க்கிறான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டால் இருவருக்கும் செடிப் பேச்சுதான். அப்பா வாழ்நாள் முழுக்க அகத்தி நட்டு, அதில் வெற்றிலைக் கொடியை ஏற்றிக் கட்டியவர். தம்பி காட்டிய திராட்சைச் செடிகள் ஒரு தாங்கலும் இல்லாமல், இடுப்பளவுக்குக் குட்டையாக, கல்லும் சரளையுமான மண்ணில் தனித்தனியாக நின்றன. அதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏஞ்சாமி, ஒரு கொம்பு நட்டுக் கட்டி உடக்கூடாதா? சோம்பேறிப் பசங்களா இருப்பாங்களாட்டிருக்குது."

"இல்லீங்கப்பா, இங்க காத்து சாஸ்தி, தண்ணி கம்மி. குட்டையா இருந்தாத்தான் பொழைக்கும்."

வேர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கித் தண்ணீர் தேடுமாம். பகலில் நம்மூர் வெயில், பொழுது சாய்ந்தால் நடுக்கும் குளிர். அதனால் பழம் அவசரப்படாமல் பழுக்கும், தோல் தடிக்கும், இனிப்பு ஏறினாலும் புளிப்பு இறங்காது. அப்பா எல்லாவற்றையும் வாய் திறந்து கேட்டார். காவிரிக் கரையில் ஊட்டி ஊட்டி வளர்த்த தன் கொடிகளை நினைத்தாரோ என்னவோ, "கஷ்டப்பட்டு வளர்ற செடிதான்" என்று ஒருநாள் ஒத்துக்கொண்டார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாதாரணமாகக் கேட்டார்: "பழத்தை எந்தச் சந்தைக்கு ஏத்தறாங்க?"

தம்பி பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு இருக்கும் புத்தி அவனுக்கு இல்லை. பழமாக விற்பதில்லை, ஒயின் செய்கிறோம் என்று சொன்னான். சொன்னதோடு விட்டானா? வெளியிலிருந்து ஒரு கூடைப் பழம்கூட வாங்கமாட்டோம், கையால் பறிப்பது முதல் பிழிந்து, ஓக் மரப் பீப்பாயில் வைத்து, பாட்டிலில் அடைப்பது வரை எல்லாம் இந்த ஒரே தோட்டத்துக்குள்தான் என்று முகம் மலர விளக்கினான். நல்ல விவசாயிக்கு இதைக் கேட்டால் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறான்.

"அப்ப, சாராயம் காச்சற எடத்துலயா இருக்கறே?"

அவ்வளவுதான். போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போய்விட்டார். அதன்பிறகு தம்பியோடு அவர் பேசவேயில்லை.

அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூடப் பிறந்த அண்ணனைக் குடிக்குப் பறிகொடுத்தவர் அவர். ஊர் எல்லையில் சாராயக் கடை திறந்தபோது பெண்களோடு ரோட்டில் உட்கார்ந்து, அதை வேறு இடத்துக்கு மாற்றும்வரை எழுந்திருக்கவில்லை. குடியை விடுவதாகக் கோயிலில் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொள்ளும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. எங்கள் கொடிக்காலில் வேலை செய்த ஒருவரை அப்பாவே பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப்போய்க் கட்டவைத்தார். அந்த மனிதர் அதன்பிறகு தொட்டதேயில்லை. அவர் மனைவி அப்பாவைக் கண்டால் எதற்கென்று இல்லாமல் கும்பிடுவாள்.

அடுத்த வருடம் தம்பி ஒரு நண்பர் மூலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டுக்கு ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினான். அவனே பறித்து, அவனே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்ட முதல் ஒயின். அப்பா ஒரே ஒரு வாய் குடித்துப் பார்க்கவேண்டும் என்று செய்தி. நான் அப்பாவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அது என் ஊட்டு வாசப்படி ஏறக்கூடாது" என்றார். பாட்டில் என் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது.

தம்பி போனில் கேட்டான். "குடிச்சாராக்கா?" அந்தக் குரலைக் கேட்டால் கல்லும் பொய் சொல்லும்.

"அரை டம்ளர் குடிச்சாரு. 'புளிப்பா இருக்குது, ஆனா மண்ணு நல்ல மண்ணு'ன்னாரு. போன்ல பேசத்தான் இன்னும் வீம்பு உடல. அம்மாவுக்குத் தெரியாது, நீ கேட்டேன்னு தெரிஞ்சா அவருக்கு வெக்கமாப் போயிரும், ஒண்ணும் கேட்டுக்காதே."

மறுமுனையில் அழுதான். நானும் அழுதேன். எனக்கு அது அத்தனை சுலபமாக வந்தது வெட்கக்கேடு. அந்த ஒயினைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றினேன். நாவல்பழக் கறையைப் போல ஊதாவாக ஓடியது. ஒரு வருட உழைப்பு அது, தெரிந்துதான் ஊற்றினேன். அதன்பின் வருடத்துக்கு ஒரு பாட்டில் வந்தது, அப்பா சொன்னதாக நானும் வருடத்துக்கு ஒரு வாக்கியம் தயாரித்தேன். போன வருடத்தை விட நல்லாயிருக்காம், வாசம் தூக்கலாம், பாட்டில் கொஞ்சம் பெரிசா அனுப்பக்கூடாதான்னு கேட்டாராம்.

அங்கே அறுவடை நடந்துகொண்டிருந்த நேரத்தில் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். கொள்ளி வைக்கத் தம்பியால் வர முடியவில்லை, பெரியப்பா மகன்தான் வைத்தான். பதினாறாம் நாள் கருமாதிக்கு வந்து சேர்ந்தான்.

எங்கள் ஊரில் படையல் என்றால் இறந்தவருக்குப் பிடித்ததெல்லாம் இலையில் இருக்கவேண்டும். பீடி குடித்தவருக்குப் பீடி, குடித்தவருக்குக் குவார்ட்டர் பாட்டில். யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. இலையைப் பார்த்தாலே ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். அப்பாவுக்கு வடை, பாயசம், பச்சரிசிச் சோறு, அவர் கொடிக்கால் வெற்றிலை வைத்திருந்தோம். கற்பூரம் ஏற்றப் போகும் சமயத்தில் தம்பி தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, படத்துக்கு முன்னால் வைத்தான்.

தாய்மாமா அவன் கையைப் பிடித்தார். "மாப்ள, யாரு முன்னால எதை வெக்கறே? அந்த மனுசன் ரோட்டுல உக்காந்து கடையத் தூக்கவெச்சவரு."

"அப்பா இதைக் குடிச்சிருக்காருங்க மாமா. வருசா வருசம் குடிச்சாரு. வேணும்னா அக்காவைக் கேளுங்க."

சனம் முழுக்க என்னைப் பார்த்தது. ரோட்டில் அப்பாவோடு உட்கார்ந்த பெண்கள் இருந்தார்கள். கயிறு கட்டியவரும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பந்தல் காலோரம் நின்றார். தம்பி என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகமே இல்லை. இல்லை என்று சொன்னால் அப்பாவின் பெயர் நிற்கும். ஆனால் அப்பா தன்னை மன்னித்துவிட்டார் என்று இத்தனை வருடம் நம்பியவனை, முகத்தைக்கூடப் பார்க்காமல் பறிகொடுத்தவனை, அங்கேயே வெட்டிப் போடவேண்டும்.

"ஆமாங்க மாமா. கொஞ்சூண்டு" என்றேன்.

மாமா கையை விட்டுவிட்டார். பாட்டில் இலைக்குப் பக்கத்தில் நின்றது. யாரோ பின்னால் சிரிப்பை அடக்கியது என் காதில் விழுந்தது.

பந்தி முடிந்ததும் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டாள். "அவரு எப்பச் சாமி குடிச்சாரு?"

"குடிக்கலைம்மா."

அம்மா என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவன் நல்லபடியா ஊர் போய்ச் சேரட்டும்" என்று மட்டும் சொன்னாள். தம்பி கிளம்பிப்போகும்போது, இத்தனை வருடத்தில் நான் பார்த்திராத தெளிவோடு போனான்.

அடுத்த மாதம் அம்மாவைப் பார்க்கப் போனபோது கயிறு கட்டியவரின் மனைவி வந்தாள். கும்பிடவில்லை. அவர் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டார், கேட்டால் பெரியவரே குடிச்சவருதானே என்கிறார் என்று சொன்னாள். "உங்கப்பா நெசமாலுமே குடிச்சாருங்களா அம்மிணி? எனக்கு மட்டும் சொல்லுங்க."

"ஒரு சொட்டுக்கூடக் குடிக்கலை. நான்தான் பொய் சொன்னேன்."

"அதை அவருகிட்ட வந்து சொல்லுங்க."

போனேன். காலை பத்து மணிக்கே கண் சிவந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் மரியாதையாக எழுந்து, துண்டால் கட்டிலைத் தட்டிவிட்டு என்னை உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே முதலிலிருந்து சொன்னேன். பீரோ, தொட்டி, போனில் சொன்ன வாக்கியங்கள், எதையும் விடவில்லை. தம்பிக்கு விஷயம் தெரிந்தாலும் பரவாயில்லை என்றுதான் போயிருந்தேன். கேட்டுவிட்டு அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"உடுங்க அம்மிணி. அன்னைக்கு அத்தனை பேர் முன்னால, அவரு படத்துக்கு முன்னால ஆமான்னீங்க. படையல்ல யாருங்க பொய் சொல்லுவாங்க? இப்ப அப்பாரு பேரு கெட்டுப்போச்சேன்னு ஒரு கதை சொல்றீங்க. பெத்த மகளில்லீங்களா, சொல்லத்தான் செய்வீங்க. அவரு மேல எனக்கொண்ணும் கோவமில்லீங்க. அவராலயே உட முடியலைன்னா நானெல்லாம் எந்த மூலைக்கு?"

நான் அப்பா மேல் சத்தியம் செய்தேன். அவர் தலையாட்டினார், குழந்தை சொல்வதற்குத் தலையாட்டுவதைப் போல. அவர் மனைவி என் பக்கம் திரும்பவேயில்லை, சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.