திருவிழா வேட்டும் பத்தாவது குழியும்

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கல்குவாரியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். எத்தனை குழியில் வெடி வைத்தோமோ, அத்தனை சத்தம் கேட்டால்தான் ஆட்களை உள்ளே விடுவேன். அன்று பத்துக் குழி. பத்துச் சத்தம் எண்ணிவிட்டுக் கை காட்டினேன்.

கல் பெயர்க்கும் முருகன் அண்ணன் கடப்பாரையோடு இறங்கினார். அப்போது பக்கத்து ஊர் அம்மன் கோயிலில் ஒரு திருவிழா வேட்டு வெடித்தது. அதுவும் குழி வெடித்த சத்தம் போலவே இருந்தது. நான் எண்ணிய பத்தில் ஒன்று கோயில் வேட்டாக இருந்தால்?

"அண்ணே, கடப்பாரைய ஊனாதீங்க! அப்படியே வந்துடுங்க!"னு கத்தினேன்.

முறைத்துக்கொண்டே வந்தார். பிறகு வெடி வைத்தவர் போய்ப் பார்த்தார். அண்ணன் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, ஒரு குழியில் மருந்து வெடிக்காமல் அப்படியே இருந்தது.

இப்போது நான் காதை நம்புவதில்லை. அரை மணி நேரம் பொறுத்து, ஒவ்வொரு குழியாகப் பார்த்த பிறகுதான் கை காட்டுகிறேன். பார்க்க முதலில் இறங்குவது, வெடி வைத்தவரும் நானும்தான்.