கடைசி வைட்

இலங்கையில், கொத்மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்த பெண்கள் கிரிக்கெட் போட்டிக்கு நான் நடுவர். கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் கடைசி ஓவரை வீசினார். ஒல்லியான உடம்பு, வெறுங்கால். பந்து விலகிப் போனால், நான் சொல்லுமுன்பே தன் கையைத் தூக்கித் தவறை ஒப்புக்கொள்வார். அப்படி மூன்று வைட். கடைசிப் பந்துக்கும் வைட் கொடுத்தேன். இம்முறை தயங்கி என்னைப் பார்த்தார். பிறகுதான் கை உயர்ந்தது. அந்த ஓர் ஓட்டத்தில் அவரது அணி தோற்றது.

அணிப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் குறுக்கே வந்தார்.

“நடுவர் சேரை ஏசாதீங்க. நான்தான் சரியா போடல. நாளைக்கு வேலை முடிஞ்சதும் இன்னும் பழகுறேன். பந்து போடுறத மட்டும் விடமாட்டேன்.”

அந்தக் கடைசிப் பந்து வைட் இல்லை என்பது, வைட் காட்ட நான் கைகளை விரித்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். “நல்லா பழகுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.