சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நின்ற அப்பா

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். இதை அக்காதான் எழுதியிருக்க வேண்டும்; படித்தவர் அவர். "நீதான் அப்பாவோட பந்துப் பிள்ள. நீயே எழுது" என்று தாளையும் பேனாவையும் என் முன் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். ஊர் ஊராய்ச் சுற்றியவன். எழுத்தில் குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது புக்கிட் காதிலுக்கும் அப்பால் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். பிறந்த தேதி அவருக்கே தெரியாது. சிறு வயதிலேயே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனார். அம்மாவை மணந்து, அக்கா பிறந்து, நான் வயிற்றில் இருந்தபோது ஜப்பானியர்கள் அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து போனவர்கள் பதினோரு பேர். திரும்பி வந்தவர்கள் இரண்டு பேர். அப்பா வந்து சேர்ந்த அன்று நான் லயத்து வாசலில் ஓடிக்கொண்டிருந்தேனாம். "இது யாரு பிள்ள?" என்று அம்மாவிடம் கேட்டாராம். நான் விழுந்து விழுந்து நடை பழகிய நாட்களை அவர் பார்த்ததில்லை.

பிறகு தோட்டத்தில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. குடும்பத்தோடு காஜா பேராங்குக்கு வந்து, செட்டி கம்பம் என்ற குடியிருப்புக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் குடியேறினார். முனிசிபலில் கூலி வேலை கிடைத்தது. கால்வாய் தோண்டினார், புல் வெட்டினார், பிறகு பாடாங் என்று நாங்கள் சொல்லும் கடலோரத்துப் பெரிய திடலில் பந்தாட்டத்துக்குக் கோடு போடும் வேலை அவரிடம் வந்தது. அதை அவர் வேலை என்றே நினைக்கவில்லை. நாலு முளை, ஒரு கயிறு, அடியில் ஓட்டை போட்ட பால் டின், அதற்குள் சுண்ணாம்புத் தூள். கயிற்றை இழுத்துக் கட்டி, டின்னைத் தட்டித் தட்டிப் பின்னோக்கி நடப்பார். முடிந்ததும் ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்து பார்ப்பார். ஆட்டம் தொடங்கும்வரை அதை யாரும் மிதிக்கக் கூடாது. ஒருமுறை வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் கோட்டின்மேல் நின்றபடி பேசிக்கொண்டிருந்தபோது, "துவான், ஜாங்கான் பீஜாக்" என்று அவர் பூட்சைக் காட்டி மிதிக்க வேண்டாம் என்றார். அதிகாரி துள்ளி விலகினாராம். அன்றிலிருந்து எங்கள் தெருவில் அப்பாவுக்குக் 'கோட்டு மண்டோர்' என்று பெயர். மண்டோர் என்றால் கங்காணி. அப்பாவுக்குக் கீழே வேலை செய்ய ஒருவரும் கிடையாது.

சுதந்திரம் எப்போது என்று அறிவித்த கூட்டம் அந்தத் திடலில்தான் நடந்தது. ஊரே "மெர்டேக்கா" என்று முழங்கியது. அப்பாவும் கைகளை உயர்த்தி முழங்கினார். முழங்கிக்கொண்டே கீழே பார்த்தவர், "புல்லு போச்சு" என்றார்.

அந்த ஆண்டு நான் ஆறாம் வகுப்பு. எங்கள் தமிழ்ப்பள்ளி அணியில் ஆடினேன். பூட்ஸ் கிடையாது, வெறுங்கால்தான். பள்ளிகளுக்கிடையே நடந்த ஆட்டம் ஒன்றில் ஒரு கோல் பின்தங்கி இருந்தோம். ஆட்டம் முடியச் சற்று நேரமே இருந்தது. நான் பந்தைத் தட்டிவிட்ட அதே நேரத்தில் எதிரணிப் பையன் ஒருவன் என் மார்பில் மோதினான். குப்புற விழுந்தேன். மூச்சு நின்று வந்தது. பந்து நெட்டையனிடம் போனது. நெட்டையன் எங்கள் அணியில் உயரமானவன், பக்கத்துத் தெருப் பையன். அவன் அடித்த அடியில் பந்து கோலுக்குள் போய் விழுந்தது.

ஆனால் அதற்குள் அப்பா திடலுக்குள் இருந்தார். கையில் சுண்ணாம்பு டின்னோடு ஓடிவந்து, பன்னிரண்டு வயதுப் பையனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டார். பின்னால் புல்லில் வெள்ளையாக ஒரு வால். நடுவர் விசில் ஊதினார். வெளியாள் உள்ளே வந்துவிட்டதால் கோல் செல்லாது என்றார்.

"கோடு போட்டவரே தாண்டிட்டாருடோய்!" என்று கூட்டத்தில் யாரோ கத்த, திடல் முழுக்கச் சிரிப்பு. நாங்கள் தோற்றோம்.

"டேய், அடுத்த மேட்ச்சுக்கு உங்கப்பாவ தொட்டிலோட வரச் சொல்லுடா" என்றான் நெட்டையன். மறுநாள் பள்ளியில் என் பெயரே 'தொட்டில்' ஆகிவிட்டது. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் போகவில்லை.

"நீங்க இனிமே பாடாங் பக்கம் வராதீங்க" என்றேன் அப்பாவிடம்.

"பாடாங்லதானடா எனக்கு வேல."

"அப்ப நான் விளையாடல. ஸ்கூலுக்கும் போகல."

அம்மா அகப்பையோடு வந்தார். "அப்பாகிட்டப் பேசற பேச்சா இது?"

"விடு" என்றார் அப்பா. "கோல் போனது அவனுக்குத்தானே."

அப்பா வேலைக்குப் போனபின் அம்மா என் பாய்க்கு அருகில் வந்து உட்கார்ந்தார். "சயாம்ல விழுந்தவங்கள அங்கயே விட்டுட்டு நடக்கச் சொல்வானுங்களாம். பக்கத்துல நடந்த ஆளு விழுந்திருக்காரு. உங்கப்பா குனிஞ்சாரு, முதுகுல அடி விழுந்துச்சு. நடந்துட்டாரு. அதுக்கப்புறம் யாரு விழுந்தாலும் அவருக்குக் காலு நிக்காது." சொல்லிவிட்டு எழுந்து போய் அரிசி களைந்தார். அப்பா இதை எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.  அதைக் கேட்ட பிறகும் நான் பள்ளிக்குப் போகவில்லை.

அந்த வார இறுதியில், தீபாவளிக்கு மட்டும் உடுத்தும் வெள்ளைச் சட்டையை அப்பா போட்டுக்கொண்டார். "வா, ஸ்கூல் வரைக்கும் போயிட்டு வருவோம். நீ பேச வேணாம்" என்று என்னைச் சைக்கிளில் ஏற்றினார். பள்ளித் திடலில் பையன்கள் பயிற்சியில் இருந்தார்கள். ஆசிரியரிடம் சொல்லிவிட்டு அப்பா அவர்கள் முன்னால் போய் நின்றார்.

"தம்பிங்களா, அது உங்க கோலுதான். நான் கெடுத்துட்டேன். இவன் என்னைக் கூப்பிடல, நானா ஓடுனேன். பேரு வைக்கணும்னா எனக்கு வைங்க."

பையன்கள் தரையைப் பார்த்தார்கள். பெரியவர் ஒருவர் எங்களைப் போன்ற பிள்ளைகளிடம் தவறை ஒப்புக்கொண்டு அதற்குமுன் நாங்கள் பார்த்ததில்லை. நெட்டையன் கழுத்தைச் சொறிந்தபடி, "பரவால்ல மாமா" என்றான்.

அப்பா ஆசிரியரிடம் திரும்பினார். "எப்பதான் சார் உள்ள போகலாம்?"

"ரெஃபரி கூப்பிட்டா போகலாம்."

"கூப்பிடலன்னா?"

"வெளியதான் நிக்கணும்."

அப்பா யோசித்தார். "கஷ்டமான ஆட்டம் சார் இது" என்றார். ஆசிரியர் சிரித்துவிட்டார்.

திரும்பும் வழியில் சைக்கிளை மிதித்தபடியே கேட்டார். "விழுந்தா எந்திரிப்பியா?"

"எந்திரிப்பேன்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கையத் தூக்குறேன்."

"எந்தக் கை?"

"எந்தக் கையா இருந்தா என்னப்பா?"

"சோத்துக் கையத் தூக்கு. அதையே பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். சில வாரங்கள் கழித்து அதே கடலோரத் திடலில் மீண்டும் ஓர் ஆட்டம். காலையில் அப்பா போட்ட கோடு வெயிலில் பளிச்சென்று இருந்தது. இடைவேளைக்குப் பிறகு இரண்டு பேருக்கு நடுவில் சிக்கி நான் விழுந்தேன். முழங்காலில் தோல் உரிந்து மண் ஒட்டிக்கொண்டது. தலை சுற்றியது. கண்ணைத் திறந்தபோது கோட்டருகே அப்பா நிற்பது தெரிந்தது.

"மாமா, கோடு!" என்று நெட்டையன் கத்தினான்.

அப்பாவின் கால் விரல்கள் சுண்ணாம்பின்மேல் இருந்தன. தான் போட்ட கோட்டை அவரே மிதித்து நான் பார்த்தது அன்றுதான். மிதித்தார், தாண்டவில்லை. நடுவர் அவரைப் பார்த்தார். கூட்டமும் அவரைப் பார்த்தது. அவர் என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருக்க ஆசைதான். அந்த முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை. வலது கையைத் தூக்கினேன். கயிறு அறுந்ததுபோல் அப்பா அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஆட்டத்திலும் தோற்றோம். ஆனால் விசில் ஊதும்வரை நான் ஓடினேன்.

"வலிக்குதா?" என்றார் சைக்கிளில் வீடு திரும்பும்போது.

"வலிக்குது."

"நடக்க முடியுமா?"

"முடியும்."

"அப்ப இறங்கி நட. டயர்ல காத்து இல்ல."

அதன்பின் அப்பா எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் ஞாயிறு காலைகளில் சின்னதாக ஒரு திடல் போட ஆரம்பித்தார். எங்கள் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், மலாயில் பேசும் செட்டி கம்பத்துப் பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். பெண் பிள்ளைகள் ஓடுவதற்கு நேர்கோடுகளும் போட்டார். அக்கா ஓடியதைப் பார்த்து உறவினர் சிலர் முகம் சுளித்தது உண்டு. "கோடு நேரா இருக்கான்னு பாக்கத்தான் ஓடுது" என்பார் அப்பா. அந்த அக்கா இன்று ஆசிரியையாக இருக்கிறார். அந்தச் சின்னத் திடலில் விதிகள் இரண்டே. விழுந்த பிள்ளை கை தூக்க வேண்டும். பெற்றவர்கள் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும்.

விழுந்த மகனைப் பார்த்து ஓடவிருந்த ஒரு தாயைத் தடுத்து, "பொறும்மா, கை வரும்" என்றார் ஒருநாள்.

"வரலன்னாண்ணே?"

"நானும் உங்கூட ஓடி வரேன்."

இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவத்தோடு நான் படிப்பை விட்டேன். அப்பா இரண்டு நாள் பேசிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். பதினேழு வயதில் வீட்டைவிட்டே கிளம்பினேன். ஓரிடத்தில் இருக்க முடியாத கால் எனக்கு. பஸ் நிலையத்தில் அம்மா அழுதார். அப்பா கேட்டது ஒன்றுதான்.

"விழுந்தா?"

"கையத் தூக்குறேன்பா."

லோரியில் எடுபிடியாக, சிங்கப்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவனாக, பகாங் காட்டில் பலகைக் கம்பெனி ஆளாக இருந்தேன். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. அதனால் போகிற ஊரிலிருந்தெல்லாம் ஓர் அஞ்சலட்டையில் கை ஒன்றை வரைந்து அனுப்புவேன். அவர் அதைத் தபால்காரர் கையிலிருந்தே வாங்கிப் பார்த்துவிட்டு, "எந்திரிச்சிட்டான்" என்று அம்மாவிடம் கொடுப்பாராம். கால் ஒடிந்து பகாங்கில் ஒரு மருத்துவமனையில் கிடந்தபோது கை வரையவில்லை. "வாங்க அப்பா" என்று மட்டும் எழுதி அனுப்பினேன்; அக்கா படித்துச் சொன்னாராம். அட்டை கிடைத்த அன்றே புறப்பட்டு, பஸ் மாறி பஸ் மாறி வந்து சேர்ந்தார்.

"கூப்பிட்டே, வந்துட்டேன்" என்றார். ஏன் போனாய், எதற்கு விழுந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டு அவிழ்க்கும்வரை கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தார்.

அப்பாவுக்கு நெஞ்சுச் சளி முற்றியபோது நான் ஊருக்குத் திரும்பினேன். இறப்பதற்குப் பத்து நாட்களுக்கு முன், குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தார். நான் பாய்ந்து ஓடினேன். தரையில் கிடந்தபடியே வலது கையைத் தூக்கினார். நான் நின்றுவிட்டேன். அப்படி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சுவரைப் பிடித்து, மூச்சு வாங்கி, தானாகவே எழுந்தார். "பழகிட்டியே" என்றார்.

கடைசி நாளில் அவர் கை தூக்கவில்லை. என்னைப் பார்த்து, "வா" என்றார். போய் அருகில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசிவரை விடவில்லை.

அப்பாவை அன்போடு பார்த்துக்கொண்ட மருத்துவமனைத் தாதியர்க்கும், இறுதி ஊர்வலத்துக்குத் தன் லோரியைக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்திய நெட்டையனுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த செட்டி கம்பத்துக் குடும்பங்களுக்கும், தோள் கொடுத்த முனிசிபல் தோழர்களுக்கும், கிளேபாங்கிலிருந்தும் செங்கிலிருந்தும் வந்து உடன் இருந்த உறவினர்களுக்கும் அம்மாவும் அக்காவும் நானும் நன்றி சொல்கிறோம்.

பால் டின்னும் கயிறும் இப்போது என்னிடம் இருக்கின்றன. நான் போடும் கோடு அப்பா போட்டதைப்போல் அவ்வளவு நேராக வருவதில்லை, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வருகிற ஞாயிறு காலையும் காலி மனையில் ஆட்டம் உண்டு. நானும் இப்போதைக்கு ஊரில்தான் இருக்கிறேன். உங்கள் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். அவர்கள் விழுவார்கள். நீங்கள் என்னோடு கோட்டுக்கு வெளியே நில்லுங்கள். கை வரும்.