கொலட்டுக்குள் பிஸ்கட் தகரம்

மின்சாரத்தில் சுழலும் இரும்பொன்றைப் பிஸ்கட் பெட்டித் தகரத்தால் சுற்றி இறுக்கிவிடலாம் என்று நம்பிய மனிதன் நான். நம்பியதோடு நின்றிருக்கலாம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பிஸ்மி சொல்லி, சுவிட்சையும் போட்டேன். அந்தப் பிஸ்மியின் பரக்கத்தால்தான் இதை எழுதுவதற்கு விரல்கள் எல்லாம் மிச்சமிருக்கின்றன.

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊருக்கு வீடு கட்ட வந்த வெளிநாட்டுக் குழுவொன்றுக்கு மொழிபெயர்ப்பாளனாக அலைந்தேன். போகும்போது என் சேவையை மெச்சி ஒரு ரவுட்டரைக் கையில் தந்தார்கள். மரத்தில் தவாளிப்பு எனும் நீளப் பள்ளமும் பூவேலையும் வெட்டும் இயந்திரம் அது. நீர்ப்பாசனக் கந்தோரில் கோப்பு நகர்த்துகிறவனுக்கு எதற்கு இது என்று அவர்களும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் வந்ததை எல்லாம் கேள்வியில்லாமல் வாங்கப் பழகியிருந்தோம். பனி நாட்டுக் குளிர்ச்சட்டை வந்தது, தலையணைக்குள் அடைத்தோம். இரண்டு பேர் நுழையக்கூடிய காற்சட்டை வந்தது, கயிறு போட்டுக் கட்டினோம். படகளவு சப்பாத்து வந்தது, முனையில் பேப்பர் திணித்துப் பெருநாள் தொழுகைக்குப் போனோம். அளவு பிசகிய எதையும் சுற்றியோ அடைத்தோ சரிக்கட்டிவிடலாம் என்பது எங்கள் கரையோரத்தில் படிந்துபோன அறிவு.

அந்த அறிவை நான் ஒரு கொலட்டிடம் காட்டப் போனேன்.

கொலட் என்பது ரவுட்டரின் வாய். நீளவாக்கில் கீறல் விழுந்த சின்ன உருக்குக் குழாய். வெட்டும் பிட்டின் தண்டை அதற்குள் செருகி நட்டை இறுக்கினால், கீறல்கள் நெருங்கிக் குழாய் தண்டைச் சுற்றிலும் கவ்விக்கொள்ளும். பார்த்தால் மோதிரத்தைவிடப் பெரிய விஷயமாகத் தெரியாது. ரவுட்டர் பல வருடம் அலுமாரிக்குள் கிடந்ததால் எனக்கு அதைப் பார்க்கவும் வாய்க்கவில்லை.

யுத்தம் முடிந்த கையோடு மகளுக்கு மாப்பிள்ளை பேசினோம். எங்கள் பக்கத்தில் வீடு கொடுப்பது பெண் வீட்டார். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து குடியேறுவார். ஆகவே மாப்பிள்ளையின் உம்மா வந்து வீட்டைப் பார்த்துத் தலையை அசைத்தால்தான் நிக்காஹ்வுக்கு நாள் குறிக்கலாம். அவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருந்தார். வீட்டில் எல்லாம் முடிந்திருந்தது, வாசற்கதவைத் தவிர. ஊர் முழுக்க வீடு கட்டத் தொடங்கியிருந்ததால் தச்சர் வெறுங்கதவைக் கொண்டுவந்து சாத்தி வைத்துவிட்டு, பூவேலை செய்யப் பிறகு வருவதாகச் சொல்லி மறைந்துபோனார்.

"பூவேலைய நான் பாக்கிறன்" என்றேன்.

மகள் கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். "வேணாம் வாப்பா. வெறுங்கதவே வடிவா இரிக்கி."

"உனக்குத் தெரியா. கதவப் பாத்துத்தான் ஊட்ட மதிப்பாங்க."

"அதுதான் வாப்பா எனக்கும் பயம்" என்றாள்.

கத்தாரில் இருக்கும் என் தங்கை மகன் ஒருவன் அனுப்பிய பிட் பெட்டி இருந்தது. தண்டு ஆறு மில்லிமீற்றர் என்று மேலேயே அச்சடித்திருந்தார்கள். ரவுட்டரில் பூட்டியிருந்த கொலட்டோ கால் அங்குலம். மனைவியின் தம்பியை வரச் சொன்னேன். மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பதால் இரும்பு சம்பந்தப்பட்ட எதிலும் அவனுக்கு ஒரு தீர்ப்பு உண்டு.

"காலங்குலமும் ஆறு மில்லியும் ஒண்டுதான் மச்சான்" என்றான். செருகினோம், போனது. இறுக்கினோம். இழுத்துப் பார்த்தால் கையோடு வந்தது.

"வழுக்குதுகா" என்றேன்.

"ஒரு சுத்து சுத்தி உடுங்க. தகரம் இரிக்கா?"

பெருநாளைக்கு வாங்கிய பிஸ்கட் பெட்டி இருந்தது. மெல்லிசாக ஒரு துண்டு வெட்டி, தண்டில் சுற்றி, கொலட்டுக்குள் ஏற்றி இறுக்கினோம். இழுத்தால் வரவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையில் பொறியியலாளர்களின் பெருமிதம் இருந்தது.

கதவை இரண்டு மேசைகளுக்கு நடுவே கிடத்தி வெட்டத் தொடங்கினேன். முதல் சாண் தவாளிப்பு நூல் பிடித்தது போல் போனது. பிறகு சத்தம் மாறியது. மரம் கருகும் மணம் வந்தது.

"சத்தம் ஒரு மாதிரி இரிக்கே" என்றேன்.

"முத்தின மரம் மச்சான். அப்பிடித்தான் கத்தும். அமத்துங்க."

அமத்தினேன். நான் அமத்தியதைவிட அதிகமாகப் பிட் தானாகவே இறங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. தகரத்தை உருட்டிக்கொண்டு தண்டு கொலட்டிலிருந்து மெல்ல மெல்ல நழுவி, பலகையை ஆழமாக, இன்னும் ஆழமாகத் தோண்டிக்கொண்டிருந்தது.

மனைவியின் தம்பிதான் முதலில் கண்டான். "மச்சான், நிப்பாட்டுங்க. கதவுக்குள்ளால பூன தெரியுது."

நிறுத்திக் குனிந்தேன். உண்மைதான். கதவுக்குக் கீழே படுத்திருந்த பூனை, மகளின் வாசற்கதவு வழியாக என்னை அண்ணாந்து பார்த்தது.

சத்தம் நின்றதும் மனைவி எட்டிப் பார்த்தாள். "இது என்ன பூவு?"

"பூ இன்னும் தொடங்கல்ல" என்றேன்.

மகள் வரவில்லை. அறைக்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. எனக்கு அந்த ஓட்டை அப்போதுதான் பெரிதானது.

வயரைப் பிடுங்கிவிட்டு நட்டைத் திருகினோம். இளகியது. அடுத்த சுற்றில் மறுபடி இறுகிவிட்டது. "சிக்கிட்டு" என்று அவன் சுத்தியலைத் தேடினான். நான் ரவுட்டர் பெட்டிக்குள் இருந்த கைநூலை எடுத்தேன். உலகத்து மொழிகளில் பாதி அதில் இருந்தது, நம்முடையதைத் தவிர. ஆங்கிலப் பகுதியை நான் முன்பே ரசித்து வாசித்திருந்தேன். வசன நடையைப் பாராட்டவும் செய்திருந்தேன். அதில் சொன்னபடி செய்ய வேண்டும் என்றுதான் தோன்றவில்லை. நட்டு முதலில் இளகும், பிறகு இறுகும், பயப்படாமல் இன்னும் திருப்பினால்தான் கொலட் தண்டை விடும் என்று எழுதியிருந்தது. திருப்பினோம், விட்டது. அடுத்த பக்கத்தில், தண்டின் அளவும் கொலட்டின் அளவும் ஒன்றாகவே இருக்க வேண்டும், இடையில் எதையும் வைக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கத்தில் பெட்டியின் படம். படத்தில் இரண்டு கொலட். எங்கள் பெட்டியில் இரண்டாவதற்குரிய குழி வெறுமையாக இருந்தது.

வீட்டைப் புரட்டினோம். கடைசியில் மனைவி வெள்ளிக்கிழமைக்குத் திரை தைத்துக்கொண்டிருந்த தையல் மெஷினில், நூற்கட்டை துள்ளாமல் இருக்க அதன் கம்பியில் பளபளவென்று குந்தியிருந்தது ஆறு மில்லிமீற்றர் கொலட்.

"அது மெஷின்ட சாமான்" என்றாள்.

"ஆரு சொன்ன?"

"அதுவும் சுனாமிக்குப் பொறகு வந்த, இதுவும் சுனாமிக்குப் பொறகு வந்த. எது எதுக்குரியதெண்டு எனக்கெப்பிடித் தெரியும்?"

நியாயமான கேள்வி. கொலட்டைக் கழற்றித் தந்துவிட்டு, கம்பியில் பேப்பர் சுற்றிக் கட்டையைப் போட்டு மிதித்தாள். மெஷின் முன்னைவிட அழகாகத் தைத்தது. "பாத்தீங்களா, சுத்தினா வேல செய்யுது" என்றாள். அந்தக் கம்பி சுழல்வதில்லை என்று விளக்காமல் கொலட்டோடு கதவடிக்குப் போனேன்.

இந்த முறை ஓதிப் பழகுகிற பிள்ளை மாதிரி வரி வரியாகப் போனேன். வயர் பிடுங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். தூசியை ஊதினேன். கொலட்டை முதலில் நட்டுக்குள் வைத்து அமத்தினேன், 'டிக்' என்று உட்கார்ந்தது. நட்டை அச்சில் இளக்கமாக ஏற்றினேன். பிட்டை அடிவரைக்கும் விட்டு, தட்டியதும் நெல்லுமணியளவு வெளியே இழுத்தேன். பிறகுதான் ஒரு ஸ்பெனரால் அச்சைப் பிடித்து, மற்றதால் நட்டை இறுக்கினேன். பிட் இல்லாத வெறுங்கொலட்டை ஒருபோதும் இறுக்கக் கூடாதாம், நெரிந்த வாய் பிறகு எதையும் ஒழுங்காகக் கவ்வாது. பிட் அசையவில்லை. ஓட்டையை அடைக்க வழியில்லாததால் அதையே அகட்டி ஒரு பிறையாக வெட்டினேன். பிறை என்று நான் சொல்கிறேன். "கஜுக்கொட்ட மாதிரி இரிக்கி மச்சான்" என்றான் அவன், கதவை நிலையில் பூட்ட எனக்குக் கைகொடுத்துக்கொண்டே.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் உம்மா வந்தார். சுனாமியில் முழு வீட்டையும் பறிகொடுத்தவர். கதவடியில் நின்றார். பிறைக்குள் கையை விட்டு அந்தப் பக்கம் விரல்களை ஆட்டிப் பார்த்தார். புதுத் திரைக்குப் பின்னாலிருந்து மகள் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஆரு வெட்டின?"

"பிள்ளைர வாப்பாதான்" என்று மனைவி உடனே காட்டிக்கொடுத்தாள்.

நான் பிறையின் அழகையும் காற்றோட்டத்தின் அவசியத்தையும் பற்றிக் கொஞ்சம் கதைத்தேன். அவர் உள்ளே போனார். குசினி பார்த்தார், கிணறு பார்த்தார், தேத்தண்ணி குடித்தார். எழும்பும்போது, "ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பொறகு நாளக் குறிப்பம்" என்றார். திரைக்குப் பின்னால் யாரோ அழுதது போலவும் சிரித்தது போலவும் இருந்தது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் திரும்பிக் கதவை இன்னொரு முறை பார்த்தார்.

"எங்கட பழைய ஊட்டுக் கதவு நல்ல முதிரக் கதவு. தண்ணி வந்து அதயும் பேத்துக்கொண்டு பெய்த்து. இது நல்லம். திரும்ப வந்தா தண்ணி ஓட்டைக்குள்ளால போயிரும், கதவாவது மிஞ்சும்."