சின்னக் கம்பனிக்கு ஒரு ஜெபமாலை

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் விமானம் ஏறியவர்கள் இரண்டே பேர். கனடாவுக்குப் படிக்கப் போய், அங்கேயே விமானம் செய்யும் கம்பனி ஒன்றில் சேர்ந்துவிட்ட என் அண்ணன் ஒருவர். குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய் வந்த பக்கத்து வீட்டு அக்கா இன்னொருவர். அண்ணனுடைய கம்பனி சின்னது என்று தெரிந்த நாளிலிருந்து அக்காவுக்கு ஒரே இளக்காரம். “நான் போனதெல்லாம் பெரிய ப்ளேன் தங்கச்சி. ஒங்க அண்ணன் செய்றதுல நம்ம லயத்து ஆளுங்கள மட்டுந்தான் ஏத்தலாம்” என்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அண்ணனுக்கு இறக்கைத் தகடுகளைப் பொருத்தும் வேலை. அவருடைய கம்பனி சின்ன விமானங்களை மட்டும் செய்துகொண்டிருந்தவரை பெரிய கம்பனிகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் பெரிதாக, எண்ணெய் குறைவாகக் குடிக்கும் புது விமானம் ஒன்றைச் செய்ததும் வந்தது வினை. பெரியவர்கள் தங்கள் விமானங்களின் விலையை இறக்கினார்கள். வாங்க வந்தவர்களுக்கும் பயம்: இந்தச் சின்னக் கம்பனி நாளைக்கே மூடிவிட்டால் உதிரிப்பாகத்துக்கு எங்கே போவது? புது விமானம் விலைபோகாமல் நின்றது. ஆள்குறைப்புத் தொடங்கியது.

அப்பாவுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. “சின்னத் தோட்டக்காரன் கததான். கொழுந்து எவ்வளவு நல்லா இருந்தாலும் வெலைய சொல்றது பெக்டரிக்காரன்தானே” என்றார்.

அண்ணன் வீட்டுக்கு வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. நீண்ட லீவு கேட்பவரைத்தான் முதலில் நிறுத்துவார்கள் என்ற பயம் அவருக்கு. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் “அடுத்த வருசம் வர்றேம்மா” என்பார். “ஒன் வேலையப் பாருப்பா” என்பார் அம்மா. எனக்கு அந்தப் பெரிய கம்பனிகள் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

ஒக்டோபர் ஜெபமாலை மாதம். மாதா சொரூபம் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்கு வரும். அந்த வீட்டார் எதற்காகக் கேட்கிறார்களோ அதற்காக லயமே சேர்ந்து ஜெபமாலை சொல்லும். எங்கள் முறை வந்த அன்று நானே முந்திக்கொண்டு, “அண்ணனோட கம்பனி பெரிய கம்பனிங்கள ஜெயிக்கணும்னு வேண்டிக்குங்க” என்றேன். பரீட்சைக்கும் நோய்க்கும் வேண்டிப் பழகிய சனம் விமான வியாபாரத்துக்காக இப்படி உருகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அக்காவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. எழுந்து போய் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அம்மாவின் உதடு மட்டும் அசையவில்லை.

எல்லோரும் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனபிறகு, அடுப்படியில் வைத்து ஏன் என்று கேட்டேன்.

“மாதாகிட்ட பொய் சொல்ல முடியுமா? கம்பனிய மூடுனா புள்ள வீட்டுக்கு வருவான்ல. கொஞ்ச நாளாச்சும் வந்து இருப்பான்ல” என்றார்.

வேலை போனால் அண்ணன் என்ன பாடுபடுவார் என்று அம்மாவுக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் மூட வேண்டும் என்றும் கேட்காமல், ஜெயிக்க வேண்டும் என்றும் கேட்காமல் சும்மா உட்கார்ந்திருந்தார். பாவம், அம்மா.

கடைசியில் பெரிய கம்பனிகளில் ஒன்றே அந்தப் புது விமானத்தைத் தனதாக்கிக்கொண்டது. விமானத்தின் பெயர் மாறியது. தொழிற்சாலையும் மாறவில்லை, ஆட்களும் மாறவில்லை. “எலி வளையானாலும் தனி வளைம்பாங்க. வளை போச்சு, எலி தப்பிச்சிருச்சு” என்றார் அப்பா. தன் ஜெபத்தால்தான் எல்லாம் நடந்தது என்று அக்கா வடை சுட்டு வீட்டுக்கு வீடு கொடுத்தார்.

சில வாரங்கள் கழித்து அண்ணன் வீடியோவில் வந்தார். இப்போது அந்த விமானத்தைக் கேட்டு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்களாம். புது நிர்வாகத்திடம் இந்தக் கிறிஸ்மஸுக்கும் லீவு கேட்க முடியாதாம்.

“லயமே ஒனக்காக வேண்டுச்சுண்ணே” என்றேன், பெருமை தாங்காமல்.

அம்மா என் கையிலிருந்து போனை வாங்கினார். “நான் வேண்டலப்பா. வேல போனா நீ வந்துருவேன்னு நெனச்சேன். நான் மட்டும் வேண்டல” என்றார்.

அண்ணன் வேலை உடுப்பின் கையால் முகத்தைத் துடைத்தார்.

“நானும் வேண்டலம்மா” என்றார்.