செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவும்

போன மாதம் எங்கள் சேலையூர்க் காலனிக்கு ஒரு கார் வந்தது. கருநீலம். எதிர்வீட்டுச் சந்தானம் சாருடையது. வேலைக்காலம் முழுவதும் தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து, தொங்கியும் நசுங்கியும் ஆபீஸ் போய்வந்த மனிதர். ரிட்டயர் ஆன கையோடு வாங்கிவிட்டார். ஸீட்டெல்லாம் அசல் லெதர்.

காலையில் அவர் அந்தக் காரைத் துடைப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் பக்கெட் தண்ணீர். பிறகு வாக்ஸ். கடைசியாக ஒரு மஞ்சள் துணி — குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி. அந்தத் துணியை வேறு யாரும் தொடக் கூடாது. லெதருக்குத் தனியாக ஒரு க்ரீம். பானெட்டில் வேப்பிலை விழுந்தால் ஊதித்தான் தள்ளுவார். கையால் தட்டினால் கீறல் விழுமாம்!

ஏறுகிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம். செருப்பைக் கழற்றிவிட வேண்டும். அதைப் போட்டுக்கொள்ளப் பிளாஸ்டிக் பை அவரே கொடுப்பார்.

தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் முனுசாமி ஒருநாள் கேட்டேவிட்டார். "செருப்ப வுட்டுட்டு ஏறணும், சரி. அப்டியே உள்ள கற்பூரமும் காட்டுவியா சார்?"

சந்தானம் சார் சிரிக்கவில்லை. எனக்கும் கேலி செய்ய மனம் வரவில்லை. நாம் மட்டும் என்ன? டி.வி.க்குத் திரை தைத்துப் போடுகிறோம். ரிமோட்டைப் பிளாஸ்டிக் உறையோடு அமுக்குகிறோம். அத்தனை வருஷம் காத்திருந்து கைக்கு வந்த ஒன்று, கண்ணெதிரே பழசாவதைப் பார்க்க யாருக்குத் துணிச்சல் இருக்கிறது?

பிறகு அந்த மழைக்காலை வந்தது.

என் பக்கத்து வீட்டுக் கமலா டீச்சர் தனியாக இருப்பவர்; மகள் பெங்களூரில். ஸ்கூலுக்குக் கிளம்பிக் கேட்டைத் தாண்டியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அந்தக் குளிரில் முகமெல்லாம் வேர்வை. கண்ணுக்கெட்டிய வரை ஆட்டோ இல்லை. நான் போட்ட சத்தத்தில் சந்தானம் சார் பனியனோடு ஓடிவந்து காரை எடுத்தார். முனுசாமியும் ஓடிவந்தார். நான் பின்கதவைத் திறந்தேன்.

டீச்சர் ஏறவில்லை. குனிந்தார். செருப்பு வாரைக் கழற்ற.

"விடுங்க டீச்சர், ஏறுங்க," என்றேன்.

"ஒரே சேறா இருக்கு… சாரோட புது வண்டி."

இரண்டாவது வாரையும் கழற்றியவர் நிமிரவில்லை. அப்படியே சரிந்தார். நானும் முனுசாமியுமாகத் தூக்கி உள்ளே சாய்த்தோம்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. பின்ஸீட்டில் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தேன். குமட்டிக்கொண்டு வந்தபோது, அந்த அரைநினைவிலும், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார் — லெதர் பாழாகிவிடக் கூடாதே! சந்தானம் சார் திரும்பினார். அவர் ரயிலைப் பார்க்கவில்லை. அந்த வெறும் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர்கள் அன்று பிடிகொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் காலை அந்தச் செருப்புகள் கேட்டருகே, கழற்றிய இடத்திலேயே கிடந்தன. ஒன்றில் மழைத்தண்ணீர் தேங்கி, அதில் கொஞ்சம் வானம். தெரு முழுக்க ஒதுங்கி நடந்தது. யாருக்கும் எடுக்கக் கை வரவில்லை. எடுத்து… எங்கே வைப்பது?

சந்தானம் சார் வந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுச் சேற்றைத் துடைக்க ஆரம்பித்தார். மஞ்சள் துணி. அதே துணி, அதே பொறுமை. துடைத்து முடித்து, காரின் முன்ஸீட்டில், லெதரின் மேல், ஜோடியாக வைத்தார்.

"ஐ.ஸி.யூ.வுக்குள்ள செருப்பு விடமாட்டாங்க சார்," என்றேன்.

"வெளியில வருவாங்கள்ல? அப்ப வேணும்."

முனுசாமி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.

டீச்சர் வெளியில் வந்துவிட்டார். இளைத்து, வெளிறி, ஆனால் தன் செருப்பைப் போட்டுக்கொண்டு. ஆஸ்பத்திரி வாசலில் நல்ல தூறல். கார்க் கதவைத் திறந்ததும், பழக்கதோஷம், மறுபடி குனியப் பார்த்தார்.

"குனியாதீங்க டீச்சர்." சந்தானம் சார் கதவை இன்னும் அகலத் திறந்தார். "போட்டுக்கிட்டே ஏறுங்க."

இப்போதும் தினம் காலையில் வாக்ஸ் உண்டு. வெளியே முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளக்கிறது. கதவைத் திறந்து உள்ளே குனிந்தால்… எங்கள் தெருச் சேறு மொத்தமும் அங்கேதான் இருக்கிறது!