குழாயடியில் நிற்பவள்

பெரியதனக்காரரே, உயிரோடு இருந்த ஒரு பெண்ணை வீட்டுக்குள் வைத்து நாதாங்கி போட்டது நீங்கள்தான்.

எடுத்த எடுப்பிலேயே சண்டையா என்று வாசகர்கள் கேட்கலாம். ஆமாம், சண்டைதான்.

போன வெள்ளிக்கிழமை காலை இந்தப் பெரிய மனிதரின் தெரு வழியாக வந்தேன். குழாயடியில் பெண்கள் கூட்டம். குடத்தோடு இன்னொருத்தி வந்தாள். பேச்சு நின்றது. குடங்கள் ஒதுங்கின.

"ஏனுங்க அக்கா, சௌக்கியமுங்களா?" என்றாள்.

ஒருத்தியும் திரும்பவில்லை. அங்கே வெறும் காற்று நிற்பதுபோல, அவளைத் தாண்டி மழையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க... உங்க கண்ணுக்காச்சும் நான் தெரியறனுங்களா?"

பட்டப்பகல்தான். இருந்தாலும் அவள் நிழல் தரையில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். "தெரியுது அம்மணி" என்றேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டு அழுதாள்.

பேர் ராமாத்தாள். தனிக்கட்டை. பிளேக் வந்து எலி செத்து விழுந்ததும் தெருவே ஊருக்கு வெளியே தோட்டத்துக் கொட்டகைகளுக்குக் கிளம்பியது. அன்று இவள் காய்ச்சலில் அசைவில்லாமல் கிடந்தாள். பெரியதனக்காரர் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். "முடிஞ்சு போச்சு" என்றார். கதவைச் சாத்தி வெளியே நாதாங்கியைப் போட்டார். எடுத்து அடக்க ஆள் விடுவதாகச் சொன்னார் — ஒருவரும் போகவில்லை. கொட்டகையில் எல்லோரும் அவளுக்காகத் தலை முழுகினார்கள். கருமாதியும் ஆயிற்று.

அவள் சாகவில்லை. காய்ச்சல் விட்டுப் புழக்கடை வழியாக வெளியே வந்தாள். தெருவில் ஒரு ஜீவன் இல்லை. நோவைக் கொண்டுபோய் மற்றவர்களுக்கு ஒட்டவைக்கக் கூடாது என்று அங்கேயே இருந்துவிட்டாள்.

ஜனங்கள் திரும்பி வந்தபோது, பூட்டிய வீடுகளின் வாசலெல்லாம் சாணி தெளித்து, ஈரம் காயாத கோலம்! அலறாமல் என்ன செய்வார்கள்?

"எதுக்கு அம்மணி எல்லா ஊட்டுக்கும் கோலம் போட்டே?"

"சும்மா எப்படீங்க இருக்கறது? அவங்கவங்க வாசல்ல, அவங்கவங்ககூடப் பேசிக்கிட்டே போட்டனுங்க. அப்ப யாரோ கேக்கற மாதிரி இருந்துச்சு. இப்பத் தெரு நெறைய ஆளுங்க. ஒருத்தருக்கும் காது கேக்கலீங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எனக்குக் கருமாதி போட்டாங்களாமா. வடையாச்சும் நல்லா இருந்துச்சாமுங்களா?"

நேராகப் பெரியதனக்காரரிடம் போனேன்.

"செத்தவ கூப்பிட்டா ஏன்னு கேக்கப்படாதுங்க. தெருவுக்கு ஆகாது" என்றார்.

"சோறு தின்கிறாளே, தண்ணீர் பிடிக்கிறாளே?"

என் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. இவருக்குப் பேய்ப் பயமில்லை. அவள் உயிரோடு இருந்தால், இவர் பூட்டியது உயிருள்ள ஒருத்தியை என்றாகிவிடும். இவர் நல்லவராக இருக்க வேண்டுமானால் அவள் செத்திருக்க வேண்டும்!

ஒரு ஆள் உயிரோடிருப்பதற்கு என்ன அத்தாட்சி? மூச்சு என்பார் டாக்டர். கூப்பிட்டால் 'என்ன' என்று கேட்க இன்னொரு ஆள் என்பேன் நான்.

நேற்று மறுபடி போனேன். ராமாத்தாள் வீட்டு வாசலில் மட்டும் கோலம் இல்லை. கேட்டேன்.

"செத்தவ ஊட்டுக்கு எதுக்குங்க?" என்றாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பெரியதனக்காரரே, தினமும் நீங்கள் குழாயடியைத் தாண்டும்போது அவள் 'மாமா' என்று கூப்பிடுகிறாள். நாளைக்கும் கூப்பிடுவாள். அத்தனை குடங்களுக்கும் நடுவில் நின்று, தெருவே கேட்கும்படி, 'என்ன கண்ணு' என்று சொல்லுங்கள்.